தான்சானியப் பெருவெளிகள்

பூங்கா என்னும் சொல்லைக் கேட்டவுடன், பாத்தி கட்டி நீர் பாய்ச்சி வளர்த்த பூஞ்செடிகளும், அவற்றினிடையே செல்லும் மணற்பாதைகளும், மாலைப்பொழுதில் உலாவ வரும் மக்களுமே எவர்க்கும் நினைவில் தோன்றும். ஆப்பிரிக்கக் கண்டத்தின் கீழைக் கரையிலுள்ள தான்சானியா நாட்டிற்குச் சென்று, அந்நாட்டின் பூங்காவைக் காட்டுமாறு கேட்பவர்க்கு அந்நாட்டார் காட்டுவது வேறு. ஆங்குப் பாத்தி இல்லை; பூஞ்செடி வரிசை இல்லை; பெரும்பாலும் வேலியும் இல்லை. கண்ணுக்கெட்டிய தொலைவு வரை புல்லும், புல்லின்மேல் இலட்சக்கணக்கான விலங்குகளும், அவ்விலங்குகளைத் தொடர்ந்து செல்லும் சிங்கமும் கழுதைப்புலியுமே அங்குக் காணப்படுவன. மனிதர் நட்டு வளர்த்தது எதுவும் ஆங்கில்லை. மனிதர் அழிக்காது விட்டுவைத்தவையே உள்ளன. அவ்வாறு விட்டு வைத்ததைக் காத்தற்பொருட்டு எல்லை வகுத்துச் சட்டம் இயற்றிய நிலப்பரப்பையே தேசியப் பூங்கா என்பர்.

தாங்கனீக்கா எனப் பெயர் பெற்றிருந்த அந்நாடு 1961-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 9-ஆம் நாள் விடுதலை பெற்றது. பின்னர் 1964-ஆம் ஆண்டில் சான்சிபார் தீவுகளோடு இணைந்து தான்சானியா என்னும் புதுப்பெயர் பூண்டது. இன்று ஆங்கு இருபதுக்கும் மேற்பட்ட தேசியப் பூங்காக்கள் உள்ளன. அவை அனைத்தையும் ஒரே பயணத்தில் கண்டு திரும்புதல் எவர்க்கும் அரிது. வடபுலத்திலுள்ள சிலவற்றையும், மேற்கிலும் தெற்கிலும் உள்ள ஒவ்வொன்றையும் அறிந்துகொண்டாலே அந்நாட்டின் இயல்பு ஒருவாறு விளங்கும்.

வடபுலத்திற்கு வருவோரை முதலில் வரவேற்பது கிளிமஞ்சாரோ மலை. ஆப்பிரிக்காவிலேயே மிக உயர்ந்ததாகிய இம்மலை, பக்கத்தே வேறு மலைத்தொடர் ஏதுமின்றிச் சமவெளியிலிருந்து தனியே எழுந்து 5,895 மீட்டர் உயர்ந்து நிற்கின்றது. நிலநடுக்கோட்டிற்கு அருகே, வெயில் தகிக்கும் நாட்டில், முடிமேல் பனி தாங்கிய மலை ஒன்று உண்டு என 1848-ஆம் ஆண்டில் கண்டு எழுதினார் ரெப்மன் என்னும் செருமானியப் பாதிரியார். இலண்டன் மாநகரிலிருந்த நிலநூற் புலவர் சிலர் அதனை நம்ப மறுத்தனர். கண்டவர் சொல்லைக் காணாதவர் மறுத்த அவ்வழக்கு ஓய்வதற்குப் பல்லாண்டுகள் ஆயின. 1889-ஆம் ஆண்டில் மேயர், புர்ட்செல்லர் என்னும் இருவர் அதன் உச்சியை அடைந்தனர்.

இம்மலையில் ஏறுவோர் ஐந்தாறு நாள்களில் பல நாட்டுப் பருவங்களைக் கடந்து செல்கின்றனர் எனலாம். அடிவாரத்தில் சாகா இன மக்கள் மலையோடைகளிலிருந்து கால்வாய் வெட்டி நீர் கொணர்ந்து வளர்த்த வாழையும் காப்பியும் செழித்து நிற்கும். அதற்குமேல் எப்பொழுதும் நீர் சொட்டும் அடர்ந்த காடு, அதற்குமேல் புதர்வெளி, அங்கே ஆளுயரத்தினும் மிக்கு வளர்ந்த விந்தையான செடிகள் காவலர் போல் நிற்கும். அதற்குமேல் கல்லும் மண்ணுமேயன்றிப் பிறிதில்லை. எல்லாவற்றிற்கும் மேலே பனிப்பாளம். நாடு விடுதலை பெற்ற அன்றிரவு, இளம் படைத்தலைவர் ஒருவர் இதன் கொடுமுடியில் புதிய கொடியை நாட்டித் தீப்பந்தம் ஏற்றி வைத்தார். அம்முடிக்கு உகுரு எனப் பெயரிட்டனர்; சுவாகிலி மொழியில் உகுரு என்பது விடுதலையைக் குறிக்கும். 1973-ஆம் ஆண்டில் இம்மலை தேசியப் பூங்கா ஆயிற்று. ஆயினும், 1912-ஆம் ஆண்டில் இதன்மேல் படர்ந்திருந்த பனியில் ஐந்தில் நான்கு பங்கிற்கு மேல் நூறாண்டிற்குள் கரைந்து போயிற்று. எல்லை வகுத்துக் காவலர் நிறுத்தியும் காக்க இயலாதது இப்பனி.

மலையிலிருந்து மேற்கு நோக்கிச் சென்றால் அருசா நகர் வரும். அதனைக் கடந்தால் தராங்கிரி, மனியாரா என்னும் இரண்டு பூங்காக்கள் உள்ளன. தராங்கிரியில் ஆறு ஒன்று உண்டு. கோடையில் சுற்றுப்புறம் முழுவதும் வறண்ட பின்னர் யானைக் கூட்டங்கள் அவ்வாற்றை நாடி வருகின்றன. மேலே நீர் வற்றியிருப்பினும் அவை துதிக்கையாலும் காலாலும் மணலைத் தோண்டி ஊற்றுநீர் காண்கின்றன. யானை குடித்துச் சென்றபின் பிற விலங்குகள் அவ்வூற்றில் வந்து குடிக்கின்றன. அங்கே குடம்போற் பருத்த அடியுடைய பெருக்க மரங்கள் எங்கும் நிற்கும். ஆப்பிரிக்காவிற்கே உரிய இம்மரம், பழங்காலத்து அராபிய வணிகர் வழியாக இராமநாதபுரக் கரைக்கும் மன்னாருக்கும் வந்தது என்பர். ஆனைப்புளி எனவும் இதற்குப் பெயருண்டு. மனியாராவில் நீண்ட ஏரியும், ஏரிக்கரையில் பூநாரைக் கூட்டமும், மரக்கிளைகளில் ஏறிப் படுத்துறங்கும் சிங்கங்களும் காணலாம். சிங்கம் மரமேறுமோ எனின், ஆங்கு ஏறுகின்றது. அதற்குக் காரணம் இதுவென எவரும் அறுதியிட்டு உரைத்திலர்.

மனியாராவிலிருந்து செங்குத்தான மேட்டில் ஏறினால் காற்றுக் குளிரத் தொடங்கும். மூடுபனி கவிந்த காட்டினூடே வளைந்து செல்லும் பாதை, திடீரென ஒரு விளிம்பில் வந்து நிற்கும். கீழே நோக்குவார்க்கு வேறோர் உலகம் தோன்றும். அதுவே ஙொரோங்கோரோ. இருபது இலட்சம் ஆண்டுகட்கும் முன்னர் அங்கோர் எரிமலை தன் வயிற்றிலிருந்த தீக்குழம்பை எல்லாம் கக்கித் தீர்த்தது. தாங்குவாரற்ற முடி உள்நோக்கி இடிந்து விழுந்தது. விழுந்த இடம் வட்டமான பெருங்குழி ஆயிற்று. சுற்றிலும் ஏறத்தாழ 600 மீட்டர் உயரமுள்ள இயற்கை மதில். உள்ளே 260 சதுரக் கிலோமீட்டர்ப் பரப்புள்ள தளம். அத்தளத்தில் புல்வெளி, சிறு காடு, சதுப்பு நிலம், உவர்நீர் ஏரி ஆகிய யாவும் உண்டு. காண்டாமிருகமும் சிங்கமும் வரிக்குதிரையும் காட்டெருமையும் நீர்யானையும் அங்கே ஒருங்கு வாழ்கின்றன. ஒட்டகச்சிவிங்கி மட்டும் அத்தளத்தில் வாழ்வதில்லை.

மதில் காவலும் ஆகும், சிறையும் ஆகும். 1962-ஆம் ஆண்டில் அங்குப் பெருமழை பெய்தது. அதன்பின் குருதி உறிஞ்சும் ஈக்கள் அளவின்றிப் பெருகின. விலங்கரசன் என்று புகழப்படும் சிங்கம், அவ்வீக்களை ஓட்ட வழியறியாது மரமேறியும் வளைக்குள் புகுந்தும் துன்புற்றது. உடலெல்லாம் புண்ணாகி வேட்டையாடும் வலியிழந்து பல சிங்கங்கள் மடிந்தன. அறுபதுக்கு மேற்பட்டிருந்த சிங்கங்களுள் எஞ்சியவை ஏறத்தாழப் பத்தே. அவற்றின் வழித்தோன்றல்களும் பின்னர் வெளியிலிருந்து வந்த சில ஆண்சிங்கங்களுமே அக்குழியின் சிங்கக் குடியை மீண்டும் பெருக்கின. புதுக்குருதி கலத்தற்கு வாய்ப்பு அங்கே அரிதாதலின், நெருங்கிய உறவிற்குள்ளேயே இனம் பெருகும் குறை இன்றுவரை அவற்றிற்கு உண்டு.

ஙொரோங்கோரோவைப் பற்றிப் பேசுவோர் மசாய் மக்களைப் பற்றிப் பேசாது விடலாகாது. செந்நிறப் போர்வையும் கையில் நீண்ட வேலும் உடைய இவ்வாயர் குலத்தார், மாட்டையே செல்வமாகவும் உணவாகவும் கொண்டவர். காட்டு விலங்கைப் பெரும்பாலும் உண்ணாதவர். அவர்தம் ஆநிரையும் காட்டு விலங்கும் ஒரே புல்லைப் பகிர்ந்து உண்டதனாலேயே அந்நிலம் விலங்கு நிறைந்து விளங்கிற்று என்பதை மறத்தல் தகாது. செரங்கெட்டியைத் தேசியப் பூங்காவாக 1951-ஆம் ஆண்டில் அமைத்த ஆங்கிலேய அரசினர், பூங்காவிற்குள் மக்கள் குடியிருத்தல் ஆகாது என 1959-ஆம் ஆண்டில் முடிவு செய்தனர். மசாய் மக்கள் தம் பழைய நீர்த்துறைகளை விட்டு வெளியேறினர். அவர்க்கு ஈடாக ஙொரோங்கோரோ மேட்டுநிலம் தனியே பிரிக்கப்பட்டு, அங்கு மக்களும் மாடும் விலங்கும் சேர்ந்து வாழலாம் என வகுக்கப்பட்டது. அதனாலேயே ஙொரோங்கோரோ பெயரளவில் தேசியப் பூங்கா அன்று. காப்பு நிலம் எனப்படும். எனினும் 1974-ஆம் ஆண்டில் குழியின் தளத்தில் குடியிருந்தோரும் அகற்றப்பட்டனர். தொடக்கத்தில் எண்ணாயிரம் பேர் அளவில் இருந்த அக்குடிகள் இந்நூற்றாண்டில் ஓர் இலட்சத்தை நெருங்கினர். நிலம் தாங்காது எனக் கூறி, 2022-ஆம் ஆண்டு முதல் அவர்களைத் தொலைவிலுள்ள அந்தேனி வட்டாரத்திற்குப் பெயர்க்க அரசினர் முற்பட்டனர். விரும்பியவரே செல்கின்றனர் என்பது அரசின் கூற்று. பள்ளியும் மருத்துவமும் குறைக்கப்பட்டமையால் போக நேர்கின்றது என்பது குடிகளிற் பலரின் முறையீடு. முன்னொரு கால் கொடுத்த வாக்கு என்னவாயிற்று என அவர்கள் வினவுகின்றனர். வினவுதற்கு அவர்க்கு உரிமை உண்டு.

ஙொரோங்கோரோவிலிருந்து இறங்கும் வழியில் ஓல்டுவாய் என்னும் வறண்ட பள்ளத்தாக்கு உள்ளது. 1959-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் மேரி லீக்கி என்னும் அம்மையார் அங்கு மண்ணிலிருந்து ஒரு மண்டையோட்டைக் கண்டெடுத்தார். பதினேழரை இலட்சம் ஆண்டுகட்கு முன் வாழ்ந்த, மனிதரை ஒத்த ஓர் இனத்தின் ஓடு அது.

பள்ளத்தாக்கைக் கடந்தால் செரங்கெட்டி. மசாய் மொழியில் அச்சொல்லுக்கு முடிவிலா வெளி என்பது பொருள். 14,763 சதுரக் கிலோமீட்டர்ப் பரப்புடைய அவ்வெளியில் ஆங்காங்கே குடைவேல மரங்களும், கருங்கற் குன்றுகளும் தென்படும். ஏனைய எல்லாம் புல். அவ்வெளியின் தலைவன் சிங்கம் என எண்ணுதல் பிழை. வில்டபீசுட்டு என்னும் விலங்கே அதன் உண்மைத் தலைவன். மாட்டின் கொம்பும், குதிரையின் வாலும், ஆட்டின் தாடியும் கொண்டு, படைத்தோன் மிச்சப்பட்ட உறுப்புகளை ஒன்றுசேர்த்துச் செய்தான் போலும் எனத் தோன்றும் மானினம் அது. அழகில்லாத அவ்விலங்கு ஏறத்தாழப் பதின்மூன்று இலட்சம் சேர்ந்து நடக்கும் காட்சிக்கு உலகில் இணை காண்டல் அரிது.

அவை ஏன் நடக்கின்றன? செரங்கெட்டியின் தென்பகுதி மண், பக்கத்து எரிமலைகள் பன்னெடுங்காலம் தூவிய சாம்பலால் ஆயது. அம்மண்ணில் விளையும் குறும்புல்லில் எலும்பிற்கும் பாலிற்கும் வேண்டும் சுண்ணச்சத்து மிகுதி. ஆதலின் மழை பெய்த காலத்து அவை தெற்கே வந்து, பிப்பிரவரித் திங்களையொட்டி இரண்டு மூன்று வாரங்களுக்குள் பெரும்பாலான கன்றுகளை ஈனுகின்றன. பிறந்த கன்று சில நிமிடங்களில் எழுந்து நிற்கும். சிறிது நேரத்தில் தாயோடு ஓடும். எல்லாம் ஒரே காலத்தில் பிறப்பதனால், கழுதைப்புலிகள் எத்துணை தின்றாலும் எஞ்சுவனவே மிகுதி. ஆனால் அப்பகுதியில் வற்றாத நீர்நிலை இல்லை. மழை நின்றதும் புல் காயும், குட்டை வற்றும். உடனே கூட்டம் மேற்கிலும் வடக்கிலும் திரும்பும். சூலை முதல் செப்டம்பர் வரை மாரா ஆற்றைக் கடந்து கெனியா நாட்டிற்குள்ளும் செல்லும். கரையில் வந்து நின்று, முன்னே செல்ல அஞ்சி, பின்னே வருவன நெருக்க, ஒன்று குதித்ததும் ஆயிரம் குதிக்கும். முதலைவாய்ப் பட்டனவும், நெரிசலில் மூழ்கினவும் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் உண்டு. அவ்வுடல்களால் மீனும் பாறும் நாரையும் பல நாள் பசி தீர்கின்றன. நவம்பரில் மழைமேகம் தெற்கே தோன்றினால் கூட்டம் மீண்டும் தென்திசை நோக்கும்.

இத்துணைப் பெருங்கூட்டம் எக்காலத்தும் இருந்ததன்று. 1890-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வெக்கை நோய் அங்கே புகுந்தது. இந்தியாவிலிருந்து கப்பலேற்றிக் கொண்டுபோன மாடுகளின் வழியாக அந்நோய் ஆப்பிரிக்காவின் வடகீழ்க் கரையில் இறங்கிற்று என்பர். மசாய் மக்களின் மாடுகள் பட்டி பட்டியாக மடிந்தன. மக்களும் பட்டினியால் மடிந்தனர். காட்டெருமையும் வில்டபீசுட்டும் அழிந்தன. நெடுங்காலத்திற்குப் பின்னர், பூங்காவைச் சுற்றியிருந்த ஊர்களில் வீட்டு மாடுகளுக்குத் தடுப்பூசி போடத் தொடங்கினர். காட்டு விலங்கிற்கு எவரும் ஊசி போடவில்லை. மாட்டைவிட்டு நோய் நீங்கவே காட்டைவிட்டும் நீங்கிற்று. 1961-ஆம் ஆண்டில் இரண்டரை இலட்சம் அளவில் இருந்த வில்டபீசுட்டு, 1977-ஆம் ஆண்டில் பதின்மூன்று இலட்சமாயிற்று. அவை புல்லை மேய்ந்து குறைத்ததனால் கோடைக் காட்டுத்தீ தணிந்தது. தீ தணிந்ததனால் மரக்கன்றுகள் பிழைத்து வளர்ந்தன. மரம் வளரவே ஒட்டகச்சிவிங்கிக்குத் தழை கிடைத்தது. உழவர் வீட்டுத் தொழுவத்தில் போட்ட ஊசி ஒரு காட்டையே மாற்றிய வரலாறு இது. அந்நோய் உலகெங்கும் ஒழிந்ததென 2011-ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது.

விலங்குகள் எத்துணை உள்ளன, எவ்வழிச் செல்கின்றன என்பதை முதன்முதல் வானிலிருந்து முறையாக எண்ணியவர்கள் செருமனியின் பிராங்குபர்ட்டு விலங்குக் காட்சிச்சாலைத் தலைவர் பெர்னார்டு கிரிசிமெக்கும், அவர் மகன் மைக்கேலும் ஆவர். வரிக்குதிரை போற் கோடுகள் தீட்டிய சிறு வானூர்தியில் தந்தையும் மகனும் 1958-ஆம் ஆண்டில் பறந்து பறந்து எண்ணி 3,66,980 எனக் கணக்கிட்டனர். அரசினர் வகுக்க எண்ணிய எல்லைக்குள் விலங்குக் கூட்டங்கள் அடங்கி நில்லா என்பதையும் கண்டனர். 1959-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 10-ஆம் நாள் மைக்கேல் தனியே பறந்தபொழுது, பாறு ஒன்று வானூர்தியின் இறக்கையில் மோதியது. ஊர்தி வீழ்ந்தது, இருபத்துநான்கு வயதே நிரம்பிய மகன் இறந்தான். ஙொரோங்கோரோ விளிம்பில் அவனை அடக்கம் செய்தனர். தந்தை மனம் தளராது அப்பணியைத் தொடர்ந்தார். 1987-ஆம் ஆண்டில் அவர் இறந்தபின் அவருடைய சாம்பலும் மகன் பக்கத்திலேயே வைக்கப்பட்டது. செரங்கெட்டிக்குச் செல்வோர் அக்கற்குவியலைக் கடந்தே செல்கின்றனர்.

விடுதலைக்கு மூன்று திங்கள் முன்னர், 1961 செப்டம்பரில், அருசா நகரில் ஒரு மாநாடு கூடிற்று. பள்ளி ஆசிரியராயிருந்து நாட்டின் தலைவரான சூலியசு நைரேரே அங்கு ஓர் அறிக்கை விடுத்தார். காட்டு விலங்குகள் வியத்தற்குரியன மட்டுமல்ல, நாட்டின் வாழ்வோடும் பிணைந்தன. பேரப்பிள்ளைகளும் அவற்றைக் கண்டு மகிழுமாறு காப்போம். அதற்குப் பிறநாட்டார் அறிவும் பொருளும் தந்துதவ வேண்டும் என்பது அதன் கருத்து. விடுமுறை நாளில் முதலையைப் பார்த்துக்கொண்டிருப்பதில் தமக்கு விருப்பமில்லை என்று அவரே கூறியதாகவும் சொல்வர். தமக்கு விருப்பமில்லாத ஒன்றையும் நாட்டின் பொருட்டுக் காக்க முன்வந்தது அவர் பெருமை. ஏழை நாட்டிற்கு அது எளிய செயலன்று. 2010-ஆம் ஆண்டில் செரங்கெட்டியின் வடபகுதி ஊடே நெடுஞ்சாலை போட அரசு எண்ணியது. சாலையின்றி வருந்தும் ஊரார்க்கு அது தேவையாயிருந்தது. விலங்கு செல்லும் வழிக்கோ அது குறுக்காயிருந்தது. கீழை ஆப்பிரிக்க நீதிமன்றம் 2014-ஆம் ஆண்டில் பூங்காவினூடே தார்ச்சாலை அமைத்தல் முறையன்று எனத் தீர்ப்பளித்தது.

மேற்கே நெடுந்தொலைவில், தாங்கனீக்கா ஏரிக்கரையில், கோம்பே என்னும் மிகச் சிறிய பூங்கா உள்ளது. 1960-ஆம் ஆண்டில் அங்கு வந்த சேன் குடால் என்னும் இளநங்கை, சிம்பன்சிக் குரங்கு புல்தண்டை ஒடித்துக் கறையான் புற்றில் நுழைத்து, ஒட்டிய கறையானை உண்பதைக் கண்டார். கருவி செய்பவன் மனிதன் ஒருவனே என்றிருந்த கொள்கை அன்றோடு போயிற்று. 2025-ஆம் ஆண்டில் தம் தொண்ணூற்றொன்றாம் வயதில் அவர் மறையும் வரை அவ்வினத்திற்காகவே உழைத்தார்.

காண விரும்புவோர்க்குச் சூன் முதல் அக்டோபர் வரையுள்ள வறண்ட காலமே ஏற்றது. கன்றீனும் காலத்தைக் காண்பதாயின் பிப்பிரவரியில் செல்லவேண்டும். காவலர் இசைவின்றி ஊர்தியைவிட்டு இறங்கலாகாது.

தெற்கே உரூபிசி ஆறு பாய்கின்றது. அதன் இருமருங்கும் பரந்த காடு செலூ எனப் பெயர் பெற்றிருந்தது. ஆற்றங்கரை ஏரிகளில் நீர்யானைகள் மூழ்கிக் கிடக்கும். தமிழ்நாட்டுப் பனைக்கு நெருங்கிய உறவான ஆப்பிரிக்கப் பனைகள் கரையில் ஓங்கி நிற்கும். படகில் சென்று இவற்றைக் காணலாம். 1976-ஆம் ஆண்டில் இக்காட்டில் ஓர் இலட்சத்திற்கு மேல் யானைகள் இருந்தன. தந்தத்தின்பொருட்டுக் கள்ள வேட்டையாடியோர் கைப்பட்டு 2013-ஆம் ஆண்டில் பதின்மூவாயிரம் அளவில் குறைந்தன. நாடு முழுவதிலும் 2009-ஆம் ஆண்டில் 1,09,000 ஆக இருந்த யானைகள் 2014-ஆம் ஆண்டில் 43,000 ஆயின. ஐந்தே ஆண்டுகள்! அதன்பின்னரே காவல் கடுமையாயிற்று. 2019-ஆம் ஆண்டில் அக்காட்டின் பெரும்பகுதியைப் பிரித்து 30,000 சதுரக் கிலோமீட்டருக்கு மேற்பட்ட தேசியப் பூங்கா ஒன்றை அமைத்து, நைரேரே பெயரை அதற்குச் சூட்டினர். அதே ஆண்டில், அதே காட்டினூடே பாயும் அதே ஆற்றின் குறுக்கே, 2,115 மெகாவாட்டு மின்சாரம் தரும் பேரணை ஒன்றின் வேலையும் மேற்கொள்ளப்பட்டது. காடும் ஆறும் கெடும் என இயற்கை ஆர்வலர் பலர் தடுத்துரைத்தனர். இரவில் விளக்கில்லாத ஊர்கள் இன்னும் பல உள என அரசினர் விடை கூறினர். 2024-ஆம் ஆண்டில் அங்கு மின்னாக்கம் தொடங்கியது. அவ்வணைக்கு இட்ட பெயரும் நைரேரே என்பதே.